கேள்வி கேட்பவருக்குப் போட்ட கடிவாளம்

"இதற்கு முன் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். அதை எப்படிச் சமாளித்தீர்கள்?" இன்று ஐ.டி. நிறுவனத்துக்கோ தனியார் வங்கிக்கோ வேலைக்குப் போகிற எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேம்பஸ் தேர்வுக்குப் பயிற்சி தருகிறவர்கள் இதற்கென்று தனி வகுப்பே எடுக்கிறார்கள். எச்.ஆர். ரவுண்டுக்கு முந்தைய இரவு மாணவர்கள் தங்கள் 'சிக்கல் கதை'யை ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். விண்ணப்பதாரரை அளக்க யாரோ கண்டுபிடித்த கேள்வி என்றுதான் இதை எல்லோரும் நினைக்கிறோம். இதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் தீர்ப்பை நம்ப முடியாது என்ற சந்தேகத்தில் பிறந்த கேள்வி இது. அவருடைய வாய்க்கும் பேனாவுக்கும் போட்ட கடிவாளமாகத்தான் இது உருவானது. கேள்வி உலகமெங்கும் பரவியது, கடிவாளம் பாதி வழியிலேயே நழுவிவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சந்தேகத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் விளம்பர உளவியலுக்கு அடித்தளமிட்ட வால்டர் டில் ஸ்காட், 1915இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். விற்பனையாளர் வேலைக்கு வந்த 36 பேரை அனுபவமுள்ள ஆறு விற்பனை மேலாளர்கள் தனித்தனியாகப் பேட்டி கண்டு வரிசைப்படுத்தினார்கள். அந்த 36 பேரில் 28 பேர் விஷயத்தில், ஆள் மேல்பாதியில் வருவாரா கீழ்ப்பாதியில் வருவாரா என்பதில்கூட மேலாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 1922இல் ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் காட்டிய கணக்கு இன்னும் சங்கடமானது. 12 மேலாளர்கள், 57 விண்ணப்பதாரர்கள். ஒருவர் முன்வரிசையில் வைத்த ஆளை இன்னொருவர் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார். "ஆளைப் பார்த்த அஞ்சு நிமிஷத்தில் எடை போட்டுவிடுவேன்" என்று மார்தட்டும் மேலாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிச் சொல்லும் இருவரை ஒரே ஆளுக்கு முன்னால் உட்காரவைத்து விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைத்தான் ஸ்காட்டும் ஹாலிங்வொர்த்தும் செய்தார்கள்.

மேலாளரின் கண்ணை நம்ப முடியாதென்றால் வேறு எதை நம்புவது? முதலில் வந்த பதில் வினாத்தாள். தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு ஏறத்தாழ 150 பொது அறிவுக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். பிரான்சைச் சுற்றியுள்ள நாடுகள் எவை என்ற ரகத்துக் கேள்விகள் அதில் இருந்தன. 1921 மே மாதம் அது செய்தித்தாளில் கசிந்து பெரிய பேச்சாகியது. அப்போது அமெரிக்காவுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் பாஸ்டனில் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைப்பதை மூளையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து வந்தவை புதிர்கள். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, 1950களில் தன் ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும்போது ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு புதிர் போட்டார். 127 பேர் ஆடும், தோற்றவர் வெளியேறும் டென்னிஸ் போட்டியில் மொத்தம் எத்தனை ஆட்டம் நடக்கும்? சுற்றுச் சுற்றாகக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றும், 126 பேர் வெளியேற வேண்டும், ஆகவே 126 ஆட்டம். அழகான புதிர்தான். விடை தெரிந்த ஆள் நல்ல பொறியாளராவார் என்பதற்கு மட்டும் சான்று கிடையாது. இதே மோகம் பிறகு மைக்ரோசாஃப்டையும் கூகுளையும் பிடித்தது. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறையே ஓய்ந்தது. கடைசியில் கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ போக் 2013இல் உண்மையை ஒப்புக்கொண்டார்: இந்தப் புதிர்களால் எதையும் கணிக்க முடியவில்லை, கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தருவதுதான் இவற்றின் ஒரே பயன்.

இரண்டாம் உலகப் போர் வேறொரு வழியைத் திறந்தது. எந்தப் பள்ளியில் படித்தாய், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ராணுவம், அப்படி வந்தவர்கள் பயிற்சியில் பெருமளவில் தேறாமல் போகவே, 1942இல் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தது. தலைவர் யாரென்று சொல்லாமல் சிலரை ஒரு குழுவாக விட்டு, கட்டையையும் கயிற்றையும் கொடுத்து, தடையைத் தாண்டச் சொல்லி ஓரமாக நின்று கவனிப்பார்கள். அமெரிக்க உளவுத்துறையான ஓ.எஸ்.எஸ்., வர்ஜீனியாவில் ஒரு பண்ணை வீட்டில் இன்னும் நாடகத்தனமான ஏற்பாட்டைச் செய்தது. உளவாளி வேலைக்கு வந்தவரிடம் மரக் கம்புகளையும் முட்டுக்கட்டைகளையும் கொடுத்து, பத்து நிமிடத்தில் ஒரு பெரிய சட்டத்தைக் கட்டச் சொல்வார்கள். உதவிக்குக் கிப்பி, பஸ்டர் என்று இரண்டு பேர். அவர்கள் உண்மையில் மாறுவேடத்தில் இருந்த ஊழியர்கள். ஒருவர் சொன்னதைச் செய்யாமல் சோம்பி நிற்பார், மற்றவர் குறை சொல்லிச் சொல்லி ஆளைச் சீண்டுவார். குறித்த நேரத்தில் அந்தச் சட்டத்தை யாரும் கட்டி முடித்ததே இல்லை. கட்டி முடிக்கிறாரா என்பது அங்கே கேள்வியும் இல்லை, கோபம் தலைக்கேறும்போது மனிதர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. இந்த மரபு நமக்கும் நேரடியாக வந்து சேர்ந்தது. 1943இல் டேராடூனில் தொடங்கிய ராணுவத் தேர்வு வாரியம் பிரிட்டிஷ் மாதிரியின் வாரிசு. பெங்களூருக்கும் மைசூருக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்காகப் போகும் நம் இளைஞர்கள் இன்றும் பலகையையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு தடை தாண்டுகிறார்கள், முப்பது நிமிடத்தில் அறுபது நெருக்கடிச் சூழல்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். அங்கே நடக்கும், படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்லும் தேர்வை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹென்றி முர்ரே. அந்த வர்ஜீனியப் பண்ணை வீட்டின் தேர்வுமுறையை வகுத்தவரும் அவரே.

கண்ணெதிரே ஒருவர் சிக்கலைத் தீர்ப்பதைப் பார்த்துவிட்டால் அவரைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. தோன்றுவது வேறு, தெரிவது வேறு என்பதை எடுத்துக்காட்டியவர் டேனியல் கானமன். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற இவர், இளமையில் இஸ்ரேல் ராணுவத்தின் உளவியல் பிரிவில் பணியாற்றினார். பிரிட்டனிடமிருந்து வந்த அதே குழுப்பயிற்சியைத்தான் அவரும் மேற்பார்வையிட்டார். எட்டுப் பேர் ஒரு கட்டையைச் சுமந்து சுவரைத் தாண்ட வேண்டும், கட்டை தரையிலோ சுவரிலோ படக் கூடாது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு யார் தலைவன், யார் பயந்தவன் என்று பளிச்சென்று தெரியும். ஆனால் பயிற்சிப் பள்ளியிலிருந்து பிறகு வந்த அறிக்கைகளோடு ஒப்பிட்டபோது அந்தக் கணிப்புகள் கிட்டத்தட்ட குருட்டாம்போக்காகவே இருந்தன. 1955இல், 21 வயதில், படைவீரர் நேர்காணலைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு குணங்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றுக்கும், அந்த இளைஞன் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளை எழுதிக் கொடுத்தார்: எத்தனை வேலை பார்த்தான், நேரத்துக்குப் போனானா, நண்பர்களோடு எவ்வளவு பழகினான், எந்த விளையாட்டில் சேர்ந்தான். ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நேர்காணல் எடுத்த இளம் சிப்பாய்கள் கொதித்தார்கள், தங்களை இயந்திரமாக்குகிறார் என்றார்கள். அவர் கொஞ்சம் இறங்கிவந்து, எல்லா மதிப்பெண்ணையும் போட்ட பிறகு கண்ணை மூடி, அந்தப் பையனைச் சிப்பாயாகக் கற்பனை செய்து, உள்ளுணர்வுக்கும் ஒரு மதிப்பெண் போட அனுமதித்தார். புதிய முறை பழையதைவிட எவ்வளவோ மேலாக வேலை செய்தது. வியப்பு என்னவென்றால், ஒழுங்காக விவரம் திரட்டிய பிறகு வந்த அந்த உள்ளுணர்வும் நன்றாகவே கணித்தது. இந்தக் கண்டுபிடிப்பு இஸ்ரேல் ராணுவத்தைப் பற்றியது. நம் எஸ்.எஸ்.பி. சரியா தவறா என்று இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முன்தீர்ப்பை அடக்கிவைத்து, கடந்தகாலச் செயல்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும் என்ற விதியின் விதை இங்கே இருக்கிறது.

இன்னொரு விதை அமெரிக்க விமானப்படையில் விழுந்தது. 1941இல் விமானியாகப் பயிற்சி பெற வந்து வெளியேற்றப்பட்ட ஆயிரம் பேரின் கோப்புகளை ஜான் ஃபிளானகனின் குழு புரட்டியது. ஏன் வெளியேற்றினார்கள் என்ற இடத்தில் பறக்கும் திறன் இல்லை, முடிவெடுக்கும் ஆற்றல் போதாது, மனப்பாங்கு பொருந்தவில்லை என்பன போன்ற தேய்ந்த சொற்றொடர்கள் மட்டுமே இருந்தன. அந்தப் பையன் எந்த நாளில், எந்தப் பயிற்சியில், எதைச் செய்தான் அல்லது செய்யத் தவறினான் என்ற விவரம் எங்குமே இல்லை. நம் அலுவலக ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. இந்தக் குறையிலிருந்து ஃபிளானகன் 1954இல் ஒரு முறையை வகுத்து எழுதினார். குணத்தைப் பற்றிக் கருத்துக் கேட்காதே, வேலை நன்றாக நடந்ததற்கோ கெட்டுப்போனதற்கோ காரணமான குறிப்பிட்ட சம்பவத்தைக் கேள். என்ன நிலைமை, ஆள் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது? இன்றைய நேர்காணல் கேள்வியின் எலும்புக்கூடு முழுவதும் இந்த மூன்று கேள்விகளில் அடங்கிவிடுகிறது.

உளவியலாளர்கள் எழுதினால் மட்டும் நிறுவனங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. மாற வைத்ததில் நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1964இல் அமெரிக்காவில் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. 1971இல் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத பள்ளிச் சான்றிதழும் பொதுத் திறன் தேர்வும் கறுப்பினத்தவரைத் தடுத்து நிறுத்தினால் அது சட்டத்துக்குப் புறம்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நோக்கம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, கேட்கப்படுவதற்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை முதலாளி காட்டியாக வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹார்வர்டின் டேவிட் மக்லெலண்ட், அறிவுக்கூர்மைத் தேர்வுகளை விட்டுவிட்டு வேலையில் சிறந்து விளங்குபவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்று வாதிட்டுப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். இவர் நமக்கு அந்நியர் இல்லை. 1960களில் காக்கிநாடா வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி நடத்தியவர். "உங்களைப் பார்த்தால் பொருத்தமானவராகத் தெரியவில்லை" என்ற பேச்சு இனி வழக்குமன்றத்தில் எடுபடாது என்ற நிலையில்தான் நிறுவனங்களுக்கு எழுதப்பட்ட கேள்வியும் எழுதப்பட்ட மதிப்பெண் முறையும் தேவைப்பட்டன.

அந்தத் தேவையை இரண்டு ஆய்வுகள் நிறைவேற்றின. 1980இல் கேரி லேதமும் சகாக்களும் மர அறுவை ஆலைத் தொழிலாளர்களை வைத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்பது அவர்கள் வழி. மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜலதோஷம், பார்த்துக்கொள்ள ஆளில்லை, மூன்று மணி நேரத்தில் ஷிஃப்ட், என்ன செய்வீர்கள்? வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்றால் 1 மதிப்பெண். மேற்பார்வையாளருக்குப் போன் செய்து சொல்வேன் என்றால் 3. வெறும் ஜலதோஷம்தானே, வேலைக்கு வருவேன் என்றால் 5. இந்த மதிப்பெண்கள் மனிதாபிமானமானவையா என்று நாம் வாதிடலாம். வாதிட முடிகிறது என்பதே இதன் சிறப்பு, ஏனென்றால் விடைக்கான அளவுகோல் ஆள் வருவதற்கு முன்பே காகிதத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கனடாவின் டாம் ஜான்ஸ், 'என்ன செய்வீர்கள்' என்பதைவிட 'என்ன செய்தீர்கள்' என்று கேட்பதே மேல் என்றார். அவருடைய முதல் ஆய்வு பல்கலைக்கழகக் கற்பித்தல் உதவியாளர்கள் சிலரை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட சின்ன ஆய்வுதான். ஆனாலும் அடுத்த நாற்பது ஆண்டு நேர்காணல் அறைகளை ஆண்டது அந்த இறந்தகால வினைதான்.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. டக்ளஸ் பிரேயும் வில்லியம் பைஹாமும் 1970இல் தொடங்கிய டி.டி.ஐ. என்ற நிறுவனம், நேர்காணல் எடுக்கும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அந்தப் பயிற்சியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருந்தது: சூழல், பணி, செயல், விளைவு. 'ஸ்டார்' என்று இன்று எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். விண்ணப்பதாரர் சொன்னதில் இந்த நான்கும் வந்துவிட்டதா, எது விடுபட்டது, அடுத்து எதைக் கிளறிக் கேட்க வேண்டும் என்று மேலாளர் தன் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்வதற்கான கருவி. மெல்ல மெல்ல அது வேலை தேடுவோருக்கான வழிகாட்டி நூல்களுக்குள் நுழைந்தது. கேட்பவரின் பட்டியல் சொல்பவரின் ஒப்பிப்பாகிவிட்டது. பதிலில் நான்கு உறுப்புகளும் ஏற்கெனவே பக்குவமாக வந்து விழுவதால், மேலாளருக்குக் கிளற எதுவும் மிச்சமில்லை என்று தோன்றுகிறது. தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்.

எது இழக்கப்பட்டது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். கடைசி ஆண்டு புராஜெக்ட்டின் டெமோவுக்கு முந்தைய நாள் சர்வர் நின்றுபோனது, நண்பர்களோடு இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தோம், டெமோ வெற்றி, முழு மதிப்பெண் கிடைத்தது என்று ஒரு மாணவர் சொல்கிறார். சூழல், பணி, செயல், விளைவு எல்லாம் இருக்கிறது. இதே குழுவின் மற்ற மூன்று பேரும் இதே கதையை இதே வரிசையில் சொல்லலாம். முறையை ஒழுங்காகக் கற்ற மேலாளர் அடுத்துக் கேட்பவை வேறு: பழுது சர்வரில்தான் என்று முதலில் கண்டுபிடித்தது யார்? அதற்கு முன் எதைச் சந்தேகப்பட்டீர்கள், அதை எப்படி ஒதுக்கினீர்கள்? நீங்கள் தொட்ட கோப்பு எது? சரியாகிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அவர் முன்னால் இருக்கும் தாளில் அளவுகோலும் இருக்கும். காரணத்தைத் தேடிச் சோதித்து ஒவ்வொன்றாக ஒதுக்கியிருந்தால் 5. அகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்து அதிர்ஷ்டத்தில் சரியாகியிருந்தால் 3. நண்பர் சரிசெய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தால் 1. சரளமாகப் பேசினாரா, ஆங்கிலம் எப்படி, கதை விறுவிறுப்பாக இருந்ததா என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. இன்று நடக்கும் பெரும்பாலான ரவுண்டுகளில் இந்தத் தாளைக் காணோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, எவ்வளவு கிளறிக் கேட்டாலும் பொய் சொல்பவர் சொல்லத்தானே செய்வார் என்பது. இதைத் தள்ளிவிட முடியாது. லெவாஷினாவும் கேம்பியனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவ விண்ணப்பதாரர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நேர்காணலில் ஏதோ ஒரு வகையில் பூசி மெழுகியிருந்தார்கள். கிளறிக் கேட்பது அதைக் குறைக்கவில்லை, கூட்டியது. கூடுதல் கேள்வி கூடுதல் பூச்சுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. ஆனால் அதே ஆய்வு, 'என்ன செய்வீர்கள்' என்பதைவிட 'என்ன செய்தீர்கள்' என்ற கேள்வியில் பூச்சு குறைவு என்றும் காட்டியது. ஆக, கிளறுவது பொய்யைப் பிடிக்கும் பொறி என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டியதுதான். கிளறுவதன் பயன், நாலு பேர் சேர்ந்து செய்ததில் இவர் பங்கு எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. அதற்கும் விடையை எடைபோடும் அளவுகோல் துணையிருக்க வேண்டும். அனுபவமே இல்லாத ஃப்ரெஷருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். வீட்டுக் கடையில் கணக்குப் பார்த்த பெண்ணுக்கும், விடுதி மெஸ் கமிட்டியில் இருந்த பையனுக்கும் சிக்கல்களுக்குப் பஞ்சமில்லை. கேட்பவர் கார்ப்பரேட் கதையையே எதிர்பார்ப்பதுதான் குறை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதில்தான் அடிபடுகிறார்கள். இயந்திரத்தனமாகிவிடும் என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்குக் கானமனின் சிப்பாய்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கொடுத்துவிட்டார்கள்.

முறையாகச் செய்தால் எவ்வளவு பயன்? மிகைப்படுத்தத் தேவையில்லை. சாக்கெட்டும் சகாக்களும் 2022இல் பல பத்தாண்டு ஆய்வுகளை மறுகணக்கிட்டார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதைக் கணிக்கும் ஆற்றலைப் பூஜ்யம் முதல் ஒன்றுவரை அளந்தபோது, கேள்வியும் மதிப்பெண்ணும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட நேர்காணல் 0.42 பெற்று எல்லாத் தேர்வு முறைகளுக்கும் முன்னால் நின்றது. தோன்றியபடி கேட்கும் நேர்காணல் பெற்றது 0.19 மட்டுமே. 0.42 என்பதும் ஜோசியம் இல்லை, தவறுக்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரம் விண்ணப்பதாரரின் திறமையால் வந்ததாக இருக்க முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டாரா என்பதால் வந்த தூரம் அது.

இந்தியாவில் இதே சந்தேகம் வேறு பாதையில் போனது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50 என்றிருந்தது. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஒதுக்கி, பெற்றோரைப் பற்றியும் ஊரைப் பற்றியும் விசாரித்து அனுப்பினார்கள் என்பது புகார். 1980இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது, நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது. 2016 ஜனவரியிலிருந்து மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே நீக்கிவிட்டது. நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பணிகளுக்கும் நேர்காணல் கிடையாது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில், சிபாரிசுக்கு அஞ்சும் சமூகத்தில், இது நியாயமான முடிவு. தனியார் நிறுவனங்கள் அப்படி நேர்காணலை நீக்கப்போவதில்லை, நீக்கவும் வேண்டாம். ஆனால் சிக்கலைப் பற்றிக் கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும், அந்தக் கேள்விக்கு எந்த விடை 5, எந்த விடை 1 என்பதை முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன் எழுதிவைக்கட்டும். எழுதிவைக்க முடியாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடலாம்.